ஒரு கூறு பயறு முளை

பாங்கில் ஊர்ச் சந்தையில் பாசிப்பயறு முளையைக் கூறு கட்டித்தான் விற்பார்கள். ஒரு கூறு நாலு பேருக்குக் காணும். அந்த ஊரில் பெரியவர்களை, ஆணென்றால் 'மாங்', பெண்ணென்றால் 'அலிங்' என்று மரியாதையாக அழைப்பார்கள். மாங் சிரியாகோ ஒருநாள் பாதிக் கூறு கேட்டுப் பார்த்தார்.

"மீதிய எந்தப் பாதி மனுஷனுக்கு விக்கிறதாம்?" என்றாள் கடைக்காரி லாக்ரிங். பக்கத்துக் கடைக்காரிகளும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு முழுக் கூறையும் பையில் போட்டுக்கொண்டார்.

ஜீப்னி என்னும் சிற்றுந்து ஓட்டி ஓய்ந்தவர் அவர். மனைவி செபியா காலமான பிறகுதான் அடுப்பைத் தொட்டார். தொட்டபின் ஏனோதானோவென்று செய்யவில்லை. ஒவ்வொரு முளையின் வாலையும் கிள்ளுவார். பூண்டு சிவந்ததும் வெங்காயம், அது வாடியதும் தக்காளி, தக்காளி குழைந்ததும் பொடி இறால். காரட்டும் பீன்ஸும் முக்கால் பதத்துக்கு வந்ததும் உப்புக்குப் பதில் மீன் சாறு. முளையைக் கடைசியில் போட்டு, தீயைக் கூட்டி, நாலு புரட்டு புரட்டி இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும். தனி ஆள் செய்கிற சமையலே இல்லை அது. ஆனால் அவருக்கு அது ஒன்றுதான் கைவந்தது.

தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர்களை "சாப்பிட வாங்க" என்பார். அந்தத் தெருவில் சாப்பிடுகிறவர் கூப்பிடாமல் இருக்க மாட்டார். கூப்பிட்டதற்காக யாரும் வரவும் மாட்டார்கள். "இப்பதான் ஆச்சு" என்றபடியே நடப்பார்கள். அதுதான் மரியாதை. அவரும் ஆயுள் முழுக்க அப்படியே சொல்லி வந்தவர்தான். இப்போது மட்டும், யாராவது ஒருத்தர் மரியாதையை மறந்து உட்கார்ந்துவிட மாட்டார்களா என்றிருந்தது.

எதிர்வீட்டு அலிங் பொலோனியா ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைப்பவள். அவளும் ஒற்றை ஆள். ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது தினமும் குரல் கொடுப்பாள். அன்று மாலை நல்ல மழை. தெருவில் ஈ காக்கை இல்லை.

"மாங் சிரியாகோ, சாப்பிட வாங்க! மாங்கா போட்டு மீன் குழம்பு!"

'ஆச்சு' என்று சொல்ல வாயெடுத்தவர், "இதோ வரேன்" என்றார்.

நனைந்துகொண்டே உள்ளே நுழைந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. தட்டில் பழைய சோறு, அதன் மேல் குழம்புக்குப் பதில் ஊற்றிய கடுங்காப்பி. மூடி தேடி அவள் கை அலைந்தது.

"குழம்ப... பூனை உருட்டிவிட்டுடுச்சு."

அவள் வீட்டில் பூனை வந்து அவர் பார்த்ததில்லை. "மழை வந்தாலே அதுங்களுக்குக் கிறுக்கு புடிச்சிடும்" என்றார். "எங்கிட்ட பயறு வதக்கல் கெடக்கு. எடுத்துட்டு வரேன்."

சட்டியோடு கொண்டுவந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

"வாலையெல்லாம் கிள்ளியிருக்கீங்க. நாந்தான் சோம்பேறி போல" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. அதற்கப்புறம் அவர்தான் பேசினார். வழியில் பிரேக் போனது, பாதிரியாரைத் தவறான ஊரில் இறக்கிவிட்டது என்று ஓயாமல் பேசினார். சட்டி காலியானது. வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் முழுக் கூறு வாங்கிச் சமைத்தார். எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. அந்தப் புழுக்கத்திலும் அவள் உள்ளே அடைந்துகொண்டு சாப்பிட்டாள். தகரத் தட்டில் ஸ்பூன் உரசுவது வெளியே கேட்டது. உபசாரத்துக்குக் கூப்பிட்டவளின் தட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

தட்டை மடியில் வைத்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று சக்கர வண்டிக்காரன் டிண்டோ கடந்துபோனவன் வண்டியை நிறுத்தினான்.

"என்ன மாங், கோவமா? கூப்பிடவே இல்ல?"

"கூப்பிட்டா வரவா போற?"

"வரமாட்டேன். அதுக்காக? கூப்பிடணுமில்ல!"

சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அவன் தெருமுனையை எட்டும்போது சிரியாகோ தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி, "சாப்பிட வாங்க!" என்றார்.

"ஆச்சு மாங்!" என்று முனையிலிருந்து பதில் வந்தது.

எதிர் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்பூன் சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். சற்று நேரம் கழித்து அது மறுபடி கேட்கத் தொடங்கியது. மிச்சத்தையும் தானே தின்று தீர்க்க, அவர் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.