மாற்றி வைத்த வட்டா

என் அக்காவின் வட்டாவை, வெற்றிலை அடுக்கி வைக்கும் பித்தளைத் தட்டை, நான்தான் தெருவில் கொடுத்து, வேறொரு பொருளுக்கு மாற்றினேன். நெளிவெடுத்துத் துலக்கித் தரத்தான் அவள் கேட்டிருந்தாள். நான் செய்தது துரோகம்!

எந்த மயக்கத்தில் செய்தேன் என்று சொன்னால் உங்கள் கோபம் குறையுமா? குறைய வேண்டாம்... ஆனாலும் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லாமல் இதை என்னால் சொல்ல முடியாது.

கொழும்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் கூடும் பழம்பொருட் சந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விரித்த சாக்குகளில் பூட்டில்லாத சாவிகள், மரப்பெட்டி வானொலிகள், பூப்போட்ட பீங்கான்கள், யாரோ இருவரின் கலியாணப் படம்கூட! எங்கள் ஊர் கல்லடியிலிருந்து என்ன வேலையாகக் கொழும்புக்குப் போனாலும் இடையில் ஒரு ஞாயிறு வரும்படி பார்த்துக்கொள்வேன். வெயில் மண்டையைப் பிளக்கும், எனக்கு உறைக்காது. ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும்போது, மனிதர்கள் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துவிடும். என் மனைவி என்னைப் பழைய இரும்புக்காரன் என்று கேலி செய்வாள். செய்யட்டும்!

எங்கள் பக்கத்தில் வீடும் வீட்டுச் சாமானும் பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மாவின் வட்டா அக்காவுக்கு வந்தது. அடுத்து அக்காவின் மகளுக்கு. ஆண்பிள்ளை எனக்கு அதில் பங்கில்லை. எங்கள் குடும்ப வழக்கப்படி, கலியாணத்தன்று தாய்மாமனாக நின்று அதைப் பெண்ணின் கையில் கொடுக்கும் உரிமை மட்டும் உண்டு. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அக்கா அதைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தாள்.

"கொழும்பில நல்ல வேலைக்காரர் இருப்பாங்கள். நெளிவத் தட்டி மினுக்கிக் கொண்டா மனே. கவனம், அம்மாட சாமான்."

வேலைக்காரனிடம் போகும் முன் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு பித்தளைத் தொலைநோக்கி... மடித்தால் சாண் அளவு, இழுத்தால் முழம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா; அதைக் காசுக்குக் கொடுக்கமாட்டாராம். என் பையில் துணி விலகித் தெரிந்த வட்டாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதத் தாங்க, அதக் கொண்டு போங்க. வீட்ல சொல்லிட்டுத்தானே கொண்டுவந்தீங்க?"

தலையை ஆட்டினேன். அந்த நல்ல மனிதருக்கும் பொய்! அன்றே ஒரு பாத்திரக் கடையில் அதே வடிவில் புது வட்டா ஒன்றை வாங்கிப் பழைய துணியில் சுற்றிக்கொண்டேன்.

"ஆத்தே! ஒரு நெளிவும் இல்ல, புதுசு மாதிரிக் கிடக்கு! ஆரு மனே இந்த வேலைக்காரன்?" என்று அக்கா பூரித்துப் போனாள். அயலெல்லாம் கூட்டிக் காட்டி, தம்பியைப் புகழ்ந்தாள். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாமே... ஏன் வாய் வரவில்லை?

அடுத்த பயணத்தில் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வட்டாவை யாரோ வெளிநாட்டுக்காரர் கொண்டுபோய்விட்டார் என்றார் நானா. அழுகை முட்டியது. ஆனால் உங்களிடம் மறைக்கமாட்டேன்: தொலைநோக்கி என்னிடமே தங்கியதில் ஓரத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது! சீ, என்ன மனம் இது?

ஒருநாள் அக்காவே என் கையிலிருந்து தொலைநோக்கியை வாங்கி வாவியைப் பார்த்தாள். "தோணில இருக்கிறவன்ட முகமும் தெரியுது! என்ன வடிவு!" என்று குழந்தையாய்ச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கலியாண நாள் வந்தது. வெற்றிலை அடுக்கிய வட்டாவை அக்கா என் கையில் தந்தாள். நான் மருமகளிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. ஆசையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது அம்மம்மா புழங்கினதுதானே?"

சுற்றிலும் சனம். பக்கத்தில் அக்கா.

"ஓம் மகள்" என்றேன்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.