பழைய கணினியில் அப்பா பேசிய காலம்

எங்கள் அப்பா எம்மைவிட்டுப் பிரிந்து ஒரு மாதமாகிறது. அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லும் பொறுப்பை அம்மாவும் தம்பியும் மூத்தவளான என்னிடம் தந்தார்கள். அப்பாவை இளமையிலிருந்தே அறிந்தவர்கள் உங்களில் பலர். அவருடைய கடைசி இரண்டு வருடங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சிலரே. ஆகையால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா வடமராட்சியில் பிறந்தவர். நடக்கப் பழகிய வயதிலேயே பெற்றோருடன் வட்டக்கச்சிக்கு வந்துவிட்டார். குளத்துப் பாசனத் திட்டத்தில் அவருடைய தகப்பனாரான எங்கள் அப்பப்பாவுக்கு வயற்காணி கிடைத்திருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் தங்கித் தமிழ்த் தட்டச்சுப் பழகினார். திரும்பி வந்து கூட்டுறவுச் சங்கமொன்றில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தார். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவார். முரசுமோட்டையைச் சேர்ந்த அம்மாவை மணந்து எங்கள் இருவரையும் பெற்றார்.

யுத்த காலத்தில் எல்லோரையும் போல நாங்களும் இடம்பெயர்ந்தோம். சங்கம் மரங்களுக்குக் கீழே இயங்கிய நாட்களிலும் நிவாரணப் பொருட்களுக்கான பத்திரங்களை அப்பா தட்டெழுதிக்கொண்டிருந்தார். பின்னர் அந்தத் தட்டச்சு இயந்திரமும் போயிற்று. யுத்தம் முடிந்து அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சியிருந்தன. வீட்டை மறுபடி கட்டி, வயலைத் திருத்தி, என்னையும் தம்பியையும் படிப்பித்தார். சங்கத்தில் எல்லா வேலையும் கணினிக்கு மாறியிருந்தது. "உது பெடியளின்ர சாமான், எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அப்பா முழுநேரமாக வயலுக்கு வந்துவிட்டார்.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்லர். அம்மாவைக் கூப்பிட ஒரு "இஞ்சேரும்", அவ்வளவுதான். வீட்டில் பேச்சு முழுவதும் அம்மாவுடையது. அம்மா ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லிக்கொண்டு போக, இடையிடையே அப்பாவிடமிருந்து ஒரு "ம்" வரும். சில வேளைகளில் ஒரு "ஓம்" வரும். அதை வைத்தே அம்மா அவருடைய மனநிலையைக் கண்டுகொள்வார்.

அப்பாவின் தொண்டையில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. உயிருக்கு அப்போது ஆபத்தில்லை. ஆனால் அந்த "ம்" கூட இனி வராது. கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவியை வைத்தியசாலையில் காட்டினார்கள். கதிர்ச் சிகிச்சையால் அப்பாவின் கழுத்துத் தசை கல்லாக இறுகிப் போயிருந்ததால் அது அவருக்குச் சரிவரவில்லை.

எழுதிக் காட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் தம்பிக்கும் அப்பா எழுதித்தான் காட்டினார். அம்மாவுக்கு அது பயன்படவில்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அம்மாவின் கண்களைப் பாதித்திருந்தது. ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். முகம் தெரியாது, எழுத்து அறவே தெரியாது. தம்பி வவுனியாவில் வேலை. நான் காலையில் அலுவலகத்துக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவேன். பகல் முழுவதும் பேச முடியாத ஒருவரும் பார்க்க முடியாத ஒருவரும் வீட்டில் தனியே இருந்தார்கள்.

ஆரம்பத்தில் அப்பா கைதட்டிக் கூப்பிட்டார். ஒருநாள் அம்மா குசினிக்குள் சமைத்தபடியே, "நானென்ன மாடே, கை தட்டிக் கூப்பிட?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் அப்பா கைதட்டவில்லை.

சில வாரங்கள் கழித்து அம்மா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அப்பா என்னில கோவமா இருக்கிறாரோ தெரியேல்லை."

"அவருக்குக் குரல் இல்லைத்தானேம்மா."

"அது எனக்குத் தெரியாதே? குரல் இல்லை. எனக்கு முகமும் தெரியுதில்லை. அந்தாள் பசியில இருக்குதோ, கோவத்தில இருக்குதோ, நோவில இருக்குதோ, எனக்கு எப்பிடித் தெரியும்?"

அன்று பின்னேரம் தம்பிக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். எழுதுவதை வாசித்துச் சொல்லும் வசதி கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது என்றார். என்னுடையதில் முயன்றோம். மண்வெட்டி பிடித்துத் தடித்த அப்பாவின் விரல் ஒரே தொடுகையில் இரண்டு மூன்று எழுத்துகளை அழுத்தியது. அப்பா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். பெரிய விசைகள் வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

தம்பி உயர்தரம் படிக்கும்போது வாங்கிய கணினி ஒன்று அறை மூலையில் சீலையால் மூடிக் கிடந்தது. வாங்கும்போதே பழையது. அதிலிருந்த விண்டோஸ் தொடங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம். வைரசும் நிறைந்திருந்தது.

"அதில புது விண்டோஸ் ஓடாது, அக்கா. லினக்ஸ் போடுவம். பழைய மெசினுக்கெண்டே இலேசான வகையள் இருக்கு. தமிழ் வாசிக்கிற வசதியும் போடலாம்," என்றார் தம்பி. அதைப் பதிந்த பென் டிரைவ் ஒன்றைக் கடிதவுறையில் வைத்து வவுனியாவில் இருந்து வரும் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் அப்பாவும் நானும் வேலையைத் தொடங்கினோம். முதலில் அப்பா கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தூசியைப் போக்கினார். பல்லி முட்டைக் கோதுகளும் வந்தன. தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"ஓன் பண்ணின உடன எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டிக்கொண்டிருங்கோ. எதில இருந்து தொடங்கவெண்டு கேக்கும். பென் டிரைவைக் காட்டுங்கோ."

கேட்கவில்லை. திகதி பிழை என்று ஏதோ சொல்லி நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் சிறு வட்டப் பற்றரி செத்துப் போயிருக்கும் என்றார் தம்பி. அப்பா அதைக் கிளப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்தும் கடையொன்றில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து தானே பொருத்தினார். இந்த முறை கேட்டது.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கச் சொன்னார் தம்பி. திரையில் நீல நிறம் வந்தது, சுட்டி அசைந்தது. எல்லாம் சரி என்று கண்டபின்தான் நிறுவத் தொடங்கினோம். வட்டில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். தம்பியின் பாடக் குறிப்புகளும் பழைய பாட்டுகளும் அதில் இருந்தன.

பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா, "ஏன் நிண்டுட்டாய்?" என்று கேட்டார்.

"எல்லாம் அழியுமாம் அம்மா."

"எவ்வளவோ அழிஞ்சு போச்சு. உதையும் அழி," என்றார் அம்மா.

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராத அவருடைய சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவரே விசையை அழுத்தினார்.

பாதிக்கு மேல் போயிருக்கும், மின்சாரம் நின்றது. மின்சாரம் வந்தபின் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். தம்பியைத் தொடர்புகொள்ளவும் முடியவில்லை. அப்பா என்னைக் கதிரையில் இருந்து எழுப்பிவிட்டுத் தான் அமர்ந்தார். கணினியை நிறுத்தி, மறுபடி போட்டு, எஃப் பன்னிரண்டைத் தட்டினார். நான் செய்த ஒவ்வொன்றையும் பார்த்து வைத்திருந்திருக்கிறார். ஆங்கிலக் கேள்விகள் வந்த இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. பழைய விண்டோஸைவிட எத்தனையோ மடங்கு விரைவாகக் கணினி எழும்பியது.

தமிழ் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் உரியவற்றை இணையத்தில் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் சிக்னல் குறைவு. தொலைபேசியை யன்னல் கம்பியில் கட்டிவைத்து, அங்கிருந்து இணைப்பை எடுத்தோம். எல்லாம் இறங்கியபின் அப்பா ஒரு விசையை அழுத்தினார். வேறேதோ எழுத்து வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் பிழை. தலையை ஆட்டிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி மறுபடி தொடர்பில் வந்தபோது விடயத்தைச் சொன்னேன். "நீங்கள் போட்டது புது முறை, அக்கா. அப்பா பழகின தட்டச்சு மெசின் முறையும் அதுக்குள்ள கிடக்கு. தேடிப் பாருங்கோ," என்றார்.

தேடி எடுத்து மாற்றினேன். அப்பா இரு கைகளையும் விசைப்பலகையில் வைத்தார். கண்களை யன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். திரையில் "யளனக யளனக யளனக" என்று வந்துகொண்டே இருந்தது. தட்டச்சுப் பள்ளியில் முதல்நாள் பழக்கும் எழுத்துகள் அவை என்று பிறகு எழுதிக் காட்டினார். அவர் தட்டச்சு செய்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு வேகமாகச் செய்வார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை தம்பி ஒலிபெருக்கிப் பெட்டிகளுடன் வந்தார். வரியை எழுதி ஒரு விசையை அழுத்தினால் கணினி அதை வாசிக்கும்படி ஒழுங்கு செய்தார். அப்பா முதன்முதலில் எழுதிய வசனம் இது: "தயவுசெய்து ஒரு கோப்பை தேநீர் தரவும்."

மூக்கால் பேசும் ஒரு ஆண்குரல் அதை வாசித்தது. அம்மா குசினியில் இருந்து வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் வந்திருக்கிறது?"

"ஒருத்தரும் வரேல்லை அம்மா. அப்பாதான் கதைக்கிறார்," என்றார் தம்பி.

"அது அப்பா இல்லை. ஆரோ ரேடியோவில செய்தி வாசிக்கிறான்."

அம்மா உள்ளே போய்விட்டார். தேநீர் வந்தது, பதில் வரவில்லை. தம்பி குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் அப்பா எழுதினார், கணினி வாசித்தது, அம்மா அதனோடு பேச மறுத்தார். அப்பா எழுதியதெல்லாம் சங்கத்துக் கடிதத் தமிழ். "குளியலறை வாளியில் நீர் நிரப்பப்பட்டுள்ளது." "மாத்திரைகளை உரிய நேரத்தில் உட்கொள்ளவும்." தட்டச்சில் அவருடைய விரல்கள் பழகியிருந்தது அந்தத் தமிழைத்தான். "கந்தோருக்குக் கடிதம் எழுதுற மாதிரி எனக்கு எழுதுறார்," என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

மறுநாள் காலை. வேலைக்குப் போக நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அறைக்குள் இருந்து கணினியின் குரல் கேட்டது.

"இஞ்சேரும்."

"என்னப்பா?" என்றார் அம்மா.

துருவும் சத்தம் நின்றது. தான் யாருக்குப் பதில் சொன்னேன் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அறை வாசலுக்கு வந்தார். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்டுமில்லை," என்றது கணினி.

"ஒண்டுமில்லாததுக்கோ காலங்காத்தால கூப்பிட்டனீங்கள்?"

மறுபடி விசைகள். "ஓம்."

அம்மா அழுதார். சிரிக்கவும் செய்தார். அன்று நான் வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.

அதன்பிறகு அப்பா ஊர்த்தமிழில்தான் எழுதினார். கணினி பல சொற்களைப் பிழையாகவே உச்சரித்தது. அம்மாவுக்கு அது பழகிவிட்டது. அம்மா தன் கதிரையைக் கணினி மேசைக்கு அருகில் நிரந்தரமாகப் போட்டுக்கொண்டார். சண்டையும் பிடித்தார்கள். அம்மா நான்கு வசனம் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஒன்றைத்தான் எழுதியிருப்பார். "கெதியா அடியுங்கோ, எனக்கு வேலை கிடக்கு," என்று அம்மா எழும்பப் பார்ப்பார். பிறகு அப்பா சாமர்த்தியமாகப் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கினார். நான் வேலை முடிந்து வரும்போது வெளிப்படலையைத் திறக்கும்போதே இருவருடைய குரலும் கேட்கும். அம்மாவிடம் அதுவரை சொல்லாத பல விடயங்களை அப்பா அந்தக் காலத்தில் சொன்னார். தட்டச்சுப் பழகிய நாட்களில் பட்ட பசி, இடப்பெயர்வில் தான் பயந்த இடங்கள். அவற்றில் பலவற்றை நானும் அப்போதுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்துபோன உறவினர், அயலவருடனும் அப்பா அப்படித் தட்டித்தான் பேசினார்; சிலர் பாதியில் எழும்பிப் போனார்கள், சிலர் இருந்து கேட்டார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் நோய் சுவாசப்பைக்குப் பரவியது. அப்பாவை வைத்தியசாலையில் சேர்த்தோம். எழுதுவதற்குப் பேனையைப் பிடிக்கும் பலம் இருக்கவில்லை. கட்டில் விரிப்பின்மேல் அவருடைய விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. எந்த விரல் எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தம்பி கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா அப்பாவின் கையைத் தன் கைக்குள் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"வீட்டை போவம் எண்டு சொல்றார்," என்றார் அம்மா.

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"வேறென்னத்தைச் சொல்லப் போறார்?"

வைத்தியரிடம் கேட்டோம். அவர் சம்மதித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் கட்டில் போட்டு, வயல் தெரியும் பக்கமாகப் படுக்க வைத்தோம். அறுவடை முடிந்திருந்தது. நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, ஒரு காலைப்பொழுதில் அப்பாவின் மூச்சு அடங்கியது.

அப்பாவுக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வைத்தியசாலைக்கு எங்களை ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், செய்தி கேட்டவுடன் ஓடிவந்து பந்தல் போட்டவர்களுக்கும், உணவு தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த பெரியவர்களுக்கும், வெளிநாடுகளில் இருந்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றிப் பகுதியில் நிறுத்தச் சொன்னார். "இன்னும் ஆக்கள் இருக்கினம் பிள்ளை," என்றார். அம்மா சொன்னதை அப்படியே சேர்க்கிறேன்:

"அவர் அடிச்சு முடியுமட்டும் எழும்பிப் போகாமல் இருந்து கேட்ட எல்லாருக்கும் என்ர நன்றியைச் சொல்லு."