சுவரைப் பார்க்கும் திரை

உழவர்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் கிளை நூலகத்தில் மூன்று கணினிகள். இரண்டின் திரைகள் பொறுப்பாளரின் மேசையைப் பார்த்தபடி, கைகட்டி உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மூன்றாவது மட்டும் கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கும். அதன் நாற்காலி சுவரோரம். அதில் உட்கார்ந்தால் உங்களுக்குக் கூடம் முழுவதும் தெரியும். கூடத்துக்கு உங்கள் திரை தெரியாது. புதிதாக வருகிறவர்கள், தூசி துடைத்தவர் யாரோ மறந்துவிட்டார் என்று எண்ணி அதை நேராக்கப் போவார்கள். "அத தொடாதீங்க!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழும். அமைதி காக்கவும் என்று எழுதிப் போட்டிருக்கும் அந்த அறையில் அமைதி கெடுவது பெரும்பாலும் அதற்காகத்தான். திரையை அப்படித் திருப்பி வைத்தவர் தலைச்சுமையாக மீன் விற்கும் ஒரு பெண். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

இப்போது அந்த மூன்றையும் எடுத்துவிடப் போகிறார்களாம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இனி எதற்கு என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அநியாயங்கள் பலவும் முதல் தடவை கேட்கும்போது அப்படித்தான் இருக்கின்றன.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. மூன்று பத்திரிகைகளில் நகைச்சுவைப் பத்தி எழுதியவன் நான், மூன்றும் நின்றுபோயின. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். நான்காவது பத்திரிகை, கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்பினால்தான் படிப்போம் என்றது. இது நாகரிகத்தின் வீழ்ச்சி என்று ஒரு காட்டமான கட்டுரை எழுதித் தபாலில் அனுப்பினேன். அதையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். அதனால்தான், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், நூலகப் பொறுப்பாளர் முற்பகலில் நடத்திய இணைய வகுப்பில் முதல் வரிசை மாணவனானேன்.

எனக்கு வலப்பக்கம் சொல்தா ஐயா. இளமையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, சிப்பாய் என்ற பொருளில் ஊர் வைத்த அந்தப் பட்டப்பெயரோடு ஓய்வு காலத்தைக் கழிப்பவர். முதல் நாள் மவுஸைக் கையில் எடுத்தவர், அதை மேசையிலிருந்து தூக்கி, ஒரு கண்ணை மூடி, திரையை நோக்கிக் குறிபார்த்தார். இடப்பக்கம் அக்கா. கடலோரக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, எங்கள் காலனித் தெருக்களில் மீன் விற்று முடித்துவிட்டு, கூடையை வெளியே வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு வருவார். கூடை உள்ளே வரக் கூடாது என்பது பொறுப்பாளரின் விதி. அவரிடம் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. செருப்புக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, தும்முவதற்குக்கூட ஒன்று இருந்ததாக ஞாபகம்.

"கைய நல்லா கழுவிட்டு வந்தீங்களாம்மா?"

"கழுவிட்டுத்தான் சார் வந்தேன். மோந்து பாக்கறீங்களா?" என்று அக்கா கையை நீட்டினார். பொறுப்பாளர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அக்கா என்னை அண்ணே என்பார். நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே ஆராயவில்லை.

கடவுச்சொல் பாடம் நடந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. யாரும் ஊகிக்க முடியாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பொறுப்பாளர். உடனே எல்லோரும் வைத்ததை வாய்விட்டுச் சொன்னோம். சொல்தா ஐயா எழுந்து நின்று, அணிவகுப்பில் சொல்வது போலத் தன் பட்டாளத்து எண்ணை முழங்கினார். நான் படித்தவன் அல்லவா, பழைய இலக்கியத்திலிருந்து ஓர் அருஞ்சொல்லைத் தேர்ந்தெடுத்து, வகுப்புக்கு அதன் பொருளையும் விளக்கினேன். பொறுப்பாளர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். மறந்துபோனால் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி. அக்கா மட்டும் முந்தானையை எடுத்துக் கீபோர்டின் மேல் போட்டு, அதற்குள் கையை விட்டுத் தட்டினார்.

"என்கிட்ட சொல்லிட்டா நான் ஞாபகம் வச்சிப்பேன்மா. மறந்துட்டா யாரக் கேப்பீங்க?"

"மறந்தா மறந்துட்டுப் போறேன் சார். ஒங்க ஞாபகத்துல இருக்கறதுக்கு அது மறந்தே போவட்டும்."

இன்னொரு பாடமும் உண்டு. வேலை முடிந்ததும் 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டு எழுந்திருக்க வேண்டும். பொறுப்பாளர் இதைத் தொண்டை வறளச் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஆனால் ஒருவர்கூட வெளியேறவில்லை. காரணம் மறதி அல்ல. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மக்கள் நாங்கள். செய்தித்தாள் பகுதியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள். கணினி நாற்காலியில் போட்ட கைக்குட்டை காற்றாடிக் காற்றில் பறந்துபோனதால், வேறு வழி கண்டுபிடித்தோம். மின்னஞ்சலைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் நம்முடையது. இதில் பெரிய இழப்பு ஏதும் நேர்ந்ததில்லை. ஒரு தடவை நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் என் பாதிக் கட்டுரையில் யாரோ பிழை திருத்தியிருந்தார்கள். ஒரு நகைச்சுவையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பாராட்டியது அதைத்தான்.

அக்காவும் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். ஒரு நாள் வேப்ப மரத்தடியில் நாய் கூடையை உருட்டும் சத்தம் கேட்டு, திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். அன்று மூன்றாவது கணினியின் திரையும் கூடத்தைப் பார்த்துத்தான் இருந்தது. திரை நிறைய ஒரு புகைப்படம்: இளம்பெண் ஒருத்தி, மடியில் பொக்கை வாய்க் குழந்தை. கீழே தமிழில் ஒரே வரி: 'அம்மா, இவனுக்குப் பல்லு மொளைக்குது பாரு.'

செய்தித்தாள் பகுதியில் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் நிமிர்ந்தான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனான். எங்கள் நூலகத்தில் பேப்பரை மடித்து வைப்பவன் நல்ல செய்தியோடு போவதில்லை. வாசலில் அவனுக்கு எதிரே வந்த அக்கா, அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊருப் பையன் அண்ணே. பக்கத்துல தட்டாஞ்சாவடில வேல தேடறான்னு சொன்னாங்க. இங்க வருவான்னு யாரு கண்டது?"

அப்போதுதான் சொன்னார். மகள், தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் வேறு சாதி. அவள் இருக்கிறாள் என்பதையே குப்பம் மறந்துவிட்டது. அவளோடு பேசுகிறவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். "வூட்டுல இருக்கறது அவன் போனு. நான் அதுல பேசனா அவன் காதுலயே பேசன மாதிரி. அதான் கடக்காத்து வராத எடமா பாத்து வந்தேன். அது பஸ் புடிச்சி வந்துருச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பதிலுக்கு ஒரு நகைச்சுவைகூட வரவில்லை. என் தொழிலில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய உண்டு, ஆனால் அன்று வரவேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் நான் போனபோது அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் திரையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? ஸ்க்ரீன் என் டேபிளுக்குத் தெரியணும். ரூல்."

"ஒங்களுக்கு ஏன் சார் தெரியணும்?"

"தப்பானது எதையும் யாரும் பாக்கக் கூடாதில்ல?"

"என் பேரன் தப்பானவனா சார்?"

பொறுப்பாளர் திரையை விட்டு ஓரடி பின்வாங்கினார். இந்தக் கேள்விக்கு அவரிடம் விதி இல்லை. "மேல எழுதிக் கேக்கணும்" என்று முனகிக்கொண்டே தன் மேசைக்குப் போனார்.

மகன் அன்றே வந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்த முகம், அந்தப் பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு வந்திருந்தது. நேராகச் சுவரோரம் போனான்.

"எம்மா, என்னா பாக்கற அதுல? காட்டு."

அக்கா எழுந்திருக்கவில்லை. மவுஸை எடுத்து, நிதானமாக, நாங்கள் யாரும் ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். வெளியேறினார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வெறும் பக்கம்தான் இப்போது திரையில் இருந்தது.

"பாத்துக்கோ."

"தொற அத."

"தொறக்க மாட்டேன்."

"பாஸ்வேர்டு என்னா, சொல்லு."

"சொல்ல மாட்டேன். நீ பொறந்ததுலேருந்து ஒனக்குன்னு எல்லாத்தையும் குடுத்தேன். இது ஒண்ணு எனக்கு."

அவன் பொறுப்பாளரிடம் திரும்பினான். "சார், இங்க எல்லாரு பாஸ்வேர்டும் ஒங்களுக்குத் தெரியும்னாங்க. நீங்க தொறங்க."

கூடம் முழுவதும் அவரைப் பார்த்தது. அக்காவுடையதைத் தவிர எங்கள் அத்தனை பேருடைய ரகசியங்களையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "தம்பி, உறுப்பினர் அட்டை இருக்கா?"

"என்னாது?"

"உறுப்பினர் அல்லாதவங்க கணினிப் பகுதியில நிக்கக் கூடாது. ரூல்."

"அவங்க எங்கம்மா சார்!"

"உங்க வீட்டுல. இங்க அவங்க உறுப்பினர்."

செருப்புக்கும் குடைக்கும் கூடைக்கும் விதி வைத்து எங்கள் உயிரை எடுத்த அந்த மனிதரை அன்று எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்கும் ஒரு விதி இருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். சொல்தா ஐயா எழுந்து நின்று, வாசல் பக்கம் கையைக் காட்டி, "அலே! அலே!" என்றார். பிரெஞ்சு தெரியாதவனுக்கும் அந்தக் கை புரிந்தது.

வாசலில் நின்று திரும்பினான் மகன். "வூட்டுக்கு வருவ இல்ல?"

"வருவேன். என் வூடுதான அது?"

அவன் போன பிறகு அக்கா நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முந்தானையை எடுத்துக் கீபோர்டின் மேல் போட்டார். தட்டினார். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "பல்லு ரெண்டா ஆயிருச்சி."

அடுத்த வகுப்பில் பொறுப்பாளர் எங்கள் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சொல்தா ஐயா பழக்க தோஷத்தில் வாயைத் திறக்க, பொறுப்பாளர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அவர் மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. மேலே எழுதிக் கேட்டாரா, பதில் வந்ததா, தெரியாது. திரை திருப்பியபடியே நின்றது.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்கிறவர்களுக்காகத்தான் இத்தனையும் சொன்னேன். அக்காவிடமும் இப்போது ஒரு போன் இருக்கிறது. பிறகு ஏன் இன்னும் வருகிறீர்கள் என்று நானே கேட்டேன். "போனு வூட்டுல எல்லாரு கைக்கும் போவுது அண்ணே. இது நான் ஏந்திரிச்சா என் கையோட போயிடுது" என்றார். மகன் அதன் பிறகு அவரை ஒன்றும் கேட்பதில்லை; கேட்காமல் போனை எடுத்துப் பார்க்கிறான். போன் என்பது வீட்டுக்குள் இருக்கும் பொருள். வீட்டுக்கு ஆயிரம் கண். வீட்டுக்கு வெளியே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு நாற்காலி ஒருவருக்கு வேண்டியிருக்கிறது. அது ஆடம்பரம் என்பவர்கள் தங்கள் போனைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரட்டும். பிறகு பேசலாம்.

போன வாரம் கணினிகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். அக்கா வரும் நேரம் நெருங்கியிருந்தது; அதுவரை மூன்றாவது இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டையை நாற்காலியில் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது அது கீபோர்டின் மேல், என் விரல்களுக்கு மேலே.

"இது ஏன் சார் இப்படித் திரும்பியிருக்கு? என்ன பாக்கறீங்க, கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்று அதிகாரி கையை நீட்டினார்.

"உங்ககிட்ட உறுப்பினர் அட்டை இருக்கா?" என்றேன்.

அவர் விழித்தார். செய்தித்தாள் பகுதியில் பேப்பர்கள் தாழ்ந்தன. சொல்தா ஐயா தடியை ஊன்றி எழுந்திருக்க ஆரம்பித்தார். இந்த வயதில் அதற்கே நேரமாகும் என்பதால் முன்கூட்டியே ஆரம்பித்தார். அதிகாரி நீட்டிய கை அப்படியே நின்றது, பிறகு சட்டைப் பைக்குள் போனது. மூன்று என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார். மறுபடி வருவார். வரட்டும். நாங்களும் இருப்போம்.

வெளியே வேப்ப மரத்தடியில் கூடையை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஏந்திரு அண்ணே, என் நேரம்."

நான் முறையாக வெளியேறினேன். எழுந்தேன். அக்கா உட்கார்ந்து, முந்தானையை எடுத்துப் போட்டார். அதன் கீழே விரல்கள் அசைந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த திரையில் என்ன திறந்தது என்று எனக்குத் தெரியாது.