எதில் வைத்தாலும் ஏழு

என் மனைவியைக் கடையில் எல்லோரும் தண்ணி டாக்டர் என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர்தான். வண்ணமீன் கடையின் பின்னறையில் பதினோரு வருடம் அறுபது தொட்டிகளின் தண்ணீரைப் பார்த்தவள். அதே கடையில் நான் வண்டி ஓட்டுகிறேன். பையில் மீனைக் கொடுத்தோமா, கையெழுத்து வாங்கினோமா என்று போய்க்கொண்டே இருக்கிற வேலை என்னுடையது. அவளுடையது அப்படி இல்லை.

பேனா மாதிரி ஒரு பி.எச். மீட்டர் அவளிடம் இருந்தது. நுனியில் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். தண்ணீரில் அமிழ்த்தினால் எண் காட்டும். ஏழு என்றால் நடு, குறையக் குறைய அமிலம். அந்தக் குமிழ் காயக்கூடாது என்று மூடிக்குள் உப்புக் கரைசலை ஊற்றியே வைப்பாள். துணியால் தேய்க்கமாட்டாள், காகிதத்தில் ஒற்றி எடுப்பாள். வாரம் ஒருமுறை ஏழு என்று குறித்த கரைசலிலும் நான்கு என்று குறித்த கரைசலிலும் வைத்துப் பார்ப்பாள். இரண்டிலும் சரியாகக் காட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். என் சட்டைப் பொத்தான் அறுந்து ஒரு மாதம் ஆனாலும் கவனிக்காதவள், அந்தக் குமிழை ஒரு நாளும் காயவிட்டதில்லை.

கடையில் டிஸ்கஸ் என்கிற தட்டு மாதிரி வட்ட மீனில் ஒரு ஜோடி இருந்தது. நகத்தளவு குஞ்சாக வந்த நாளிலிருந்து அவள் வளர்த்தது. அந்த ஜோடி குஞ்சு பொரித்துவிட்டால் இனப்பெருக்க அறை முழுக்க அவள் பொறுப்பு, சம்பளமும் அதற்குத் தக்கபடி என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அப்போதுதான் முதலாளியின் மாப்பிள்ளை மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார். பெரிய படிப்பு. வந்த அன்றே மூடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைப் பார்த்து முகம் சுளித்தார். மூடியைக் கழுவிக் காயவைத்து, குமிழையும் பழைய பல் தேய்க்கிற பிரஷால் பரபரவென்று தேய்த்து, சட்டையில் துடைத்தார். சுத்தமாம்! மறுநாளிலிருந்து மீட்டர் எந்தத் தொட்டியில் வைத்தாலும் ஏழு காட்டியது. எப்போதும் ஏழே முக்கால் காட்டுகிற குழாய்த் தண்ணீரிலும் ஏழுதான்.

குமிழ் விரிசல் விட்டுவிட்டது என்று அவள் கரடியாகக் கத்தினாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மீட்டரை ஏழு கரைசலில் வைத்துக் காட்டினார். ஏழு. நான்கு கரைசல் தீர்ந்துபோயிருந்தது, வாங்கித் தரச் சொன்னாள். நாலில் நாம் மீனே வளர்ப்பதில்லையே, எதற்கு என்று கேட்டார். என்ன ஒரு மூளை!

டிஸ்கஸ் தொட்டிக்கு ஆறரை வேண்டும். மீட்டர் ஏழு என்கிறது. ஆகவே தினமும் அமிலச் சொட்டு விடச் சொன்னார். விட்டாலும் எண் இறங்கவில்லை. மறுநாள் இன்னும் கூட்டி விடச் சொன்னார். மீட்டர் காட்டுவதை மட்டும் நோட்டில் எழுதினால் போதும் என்று அவளுக்கு உத்தரவு.

இரண்டாம் நாள் இரவு அவள் வீட்டிலிருந்த வினிகர் பாட்டிலைக் கைப்பையில் வைத்தாள். வினிகரில் முக்கினாலும் ஏழு காட்டும், முதலாளி முன்னாலேயே காட்டிவிடுகிறேன் என்றாள். நான் சொன்னேன், நாலு பேர் நடுவில் மாப்பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு நாம் இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்பதா, சொன்னதை எழுதிவிட்டுப் போ என்று. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பாட்டிலை எடுத்து வண்டி சீட்டுக்கு அடியில் செருகினேன். அவள் தேடவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தொடைநடுங்கிக்கு எல்லாமே வசதியாகத்தான் தோன்றும்.

ஏழாம் நாள் ஜோடி முட்டையிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் நான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு மீனும் கறுத்துப்போய்ப் பக்கவாட்டில் மிதந்தன. முட்டை அத்தனையும் வெளுத்திருந்தது. முதலாளி நோட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

"ஒன்பது நாளும் ஏழு ஏழுன்னு நீதானேம்மா எழுதியிருக்கே?"

அவள் வெளியே நடந்தாள். நேராக என் வண்டிக்குப் போய், சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து வந்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

டம்ளரில் வினிகரை ஊற்றி மீட்டரை வைத்தாள். ஏழு. மாப்பிள்ளை தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மகளைக் கட்டியவனை என்ன செய்வார்? இதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே என்று அவளிடமே எகிறினார்.

"தோணல சார்," என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், நான் எடுத்தது தெரிந்தும் வேறு வினிகர் ஏன் கொண்டுபோகவில்லை என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வேற பாட்டில் கிடைச்சிருக்கும்ங்க. நீங்களே எடுத்து ஒளிச்சப்புறம் யாருக்குக் காட்டணும்னு தோணிடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் நின்ற பிறகு கடைக்குப் புது மீட்டர் வந்தது. பெட்டியைப் பிரித்த மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். மூடிக்குள் என்ன ஊற்ற வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார், ரொம்ப மரியாதையாக.

"கேட்டுச் சொல்றேன் சார்," என்றேன்.