ஜாடைப் பதிவு

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்குழாயில் யாரும் யாரையும் பெயர் சொல்லித் திட்டுவதில்லை. குடத்தையோ காக்கையையோ பார்த்துத்தான் திட்டுவார்கள். சேர வேண்டியவளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். ஜாடை பேசுவது என்பார்கள். அந்தத் தெருவில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய ஜீவிதா 2007-இல் வலைப்பதிவு எழுதத் தொடங்கியபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது.

ஒரு நாள், பெயர் போடாத ஒருவரின் வலைப்பதிவைப் படித்தாள். முந்தானைக்குப் பக்கத்தில் மேடு தெரிந்தால் அது ஒட்டுப் போட்ட போலிப் பட்டாம். அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மேடு பிட்னி. முந்தானையின் பாவு நூலையும் உடலின் பாவு நூலையும் இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் இடம். தறி நெய்யும் அப்பா பிட்னி போடும் நாளில் வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்கமாட்டார்கள். இப்படி எழுதியவன் விசைத்தறிப் புடவை விற்கிற கடைக்காரனாகத்தான் இருப்பான் என்று சந்தேகப்பட்டாள்.

மறுத்து எழுத உட்கார்ந்தாள். அவன் பதிவுக்குச் சுட்டி கொடுப்பதா, வேண்டாமா? பிரவுசிங் சென்டர் நடத்தும் சபாபதியைக் கேட்டாள்.

"லிங்க் குடுத்தா, அவன் கடைக்கு நாமளே ஆட்டோ புடிச்சு ஆள் அனுப்புற மாதிரிம்மா. திட்டு வாங்கறதுக்குன்னே எழுதிக்கினு இருக்கானுங்க."

சரியென்று பட்டது. 'விரலால் தடவியே போலியைக் கண்டுபிடிக்கும் மேதை ஒருவர்' என்று மட்டும் எழுதினாள்.

மறுநாள் லக்ஷணா அழைத்தாள். சின்னக் காஞ்சிபுரத்துக்காரி, கல்லூரியில் ஜீவிதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், அவளும் பதிவர்.

"என்னைத்தானேடி சொல்றே?"

"ஐயோ, உன்னை இல்லடி! எவனோ ஒருத்தன் எழுதிக்கினு இருக்கான்."

"எவனோன்னா லிங்க் எங்கே? என் கல்யாணப் புடவை எடுத்ததைப் பத்தி போன வாரம் நான்தானே எழுதினேன்? இப்படி எழுதிட்டு, மணையில என் பக்கத்துல வந்து பல்லை இளிச்சுண்டு நிப்பியா?"

கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே விட்டுவிடுவாளோ? ஜீவிதா ஓடிப்போய் அந்தப் பெயரில்லாதவனின் சுட்டியைச் சேர்த்தாள்.

மாலையில் லக்ஷணா மறுபடி அழைத்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜீவிதாவைப் பயமுறுத்தியது.

"அந்த ஆளோட பதிவை முழுசா படிச்சேன். அதுல விரலே இல்லையேடி."

ஜீவிதா திறந்து பார்த்தாள். இல்லைதான். கடையில் புடவையை விரலால் தடவி, 'இது ஒட்டா?' என்று கேட்டதாகச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தவள் லக்ஷணா. அதைப் படித்தபோது, தறிச் சத்தம் கேட்டு வளராதவள்தானே என்று ஜீவிதாவுக்குள் ஒரு எரிச்சல் வந்து போனது. போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தாள். முகம் தெரியாத கடைக்காரனை அத்தனை சந்தேகப்பட்டவள், தன்னை ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. சுட்டியை முதலிலேயே போட்டிருந்தால், அவன் எழுதாத வார்த்தைக்கு அவனைத் திட்டியிருக்க முடியுமா?

"உன்னையும்தான் சொல்லிட்டேன் போலடி. எனக்கே இப்பதான் தெரியுது."

"அப்போ என் லிங்க்கையும் போடு. படிக்கிறவா முடிவு பண்ணட்டும்."

அது சமாதானமா, சவாலா? கேட்க ஜீவிதாவுக்குத் துணிவில்லை. 'விரல் வந்த இடம்' என்று தட்டச்சு செய்து, அதன்மேல் தோழியின் சுட்டியை வைத்தாள்.