ஜெபக்குறிப்பில் ஒரு கதாநாயகி

எனக்கு நாவல் என்றால் உயிர். நான் வாழ்க்கைப்பட்டு வந்த செம்பாக்கம் வீட்டிலோ நாவல் என்றாலே ஆகாது. மாத நாவலைக்கூடக் கைப்பைக்குள் ஒளித்துத்தான் கொண்டுவருவேன். "பொய்யும் புரட்டும்! அந்த நேரத்துல பைபிள்ல ரெண்டு சங்கீதம் வாசிக்கலாம்ல?" என்பார் என் மாமியார். அத்தை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

என்னைக் கேட்டால் மாத நாவல், பெரிய நாவல் இரண்டு வகையும் வேண்டும். தாம்பரத்தில் ரயில் ஏறினால், எழும்பூர் வருவதற்குள் மாத நாவல் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிடும். இறங்கியதும் மறந்தும் போகும். பெரிய நாவல்கள் அப்படி விடுவதில்லை. ஐம்பது பக்கத்துக்கு மழை பெய்யும், கொட்டாவி வரும். பிறகு ஒரு சாவு விழுந்து ஒரு வாரம் சோறு இறங்காது. அதை எழுதுகிறவர்களுக்கு நல்ல பெண்களைக் கண்டால் பிடிக்காதோ என்னவோ, பாவிகள்!

போன வருடம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பொழுது போகாமல், "உன் கதைப் புத்தகம் ஏதாவது வாசி, கேக்கறேன்" என்றார் அத்தை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது பிடிக்காமல் போனால் இந்த வீட்டில் நாவல் என்ற பேச்சையே எடுக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்ததை எடுத்தேன்: குடிகாரனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. கடைசியில் அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போவாள் என்பது பாதி வாசித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அத்தை அவளிடம் உயிரையே வைத்துவிட்டார்.

"அவனுக்கு அம்மா கெடையாதா? கன்னத்துல ரெண்டு விடக் கூடாதா?" என்று கொதித்தார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், "ஒரு பொண்ணு குடிகாரன்கிட்ட மாட்டிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்படுது, பேரு வேணாம், எல்லாரும் ஜெபிச்சுக்குங்க" என்று ஜெபக்குறிப்பே கொடுத்துவிட்டார். கதை என்பதை மட்டும் சொல்லவில்லை. பம்மலிலிருந்து வந்த சிஸ்டர் உருகி உருகி ஜெபித்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இத்தனை வருஷத்தில் எனக்காக ஒரு குறிப்பு கொடுத்ததுண்டா?

கடைசி அத்தியாயம் வந்தது. அத்தையின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே என் இஷ்டத்துக்கு வாசித்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

"ஸ்தோத்திரம்!" என்று கைதட்டினார் அத்தை.

பிறகு அவருக்குப் புதுக் கண்ணாடி வந்தது. ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"செத்துப்போயிட்டாளே."

"ஆமா அத்தை. நீங்க அழக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அதான்..."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேற புக்கு வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அதுலயும் யாராவது சாவாங்களா?"

"சாவாங்க."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப நீயே வாசி."