சிவப்புத் தலை முளைகள்

நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவளுடைய தம்பி இருந்தான். உப்பளத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய சம்சாரம் இருந்தார். அவர்களுடைய நாய் இருந்தது. அந்த ராத்திரி வேறு யாரும் இல்லை.

நான் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். பொங்கலுக்குப் பட்டறையை மூடுவார்கள். அந்த லீவில் நாங்கள் மூன்று பேரும் சைக்கிளில் கடலோரமாகப் போவோம். சென்னையில் கிளம்பிப் புதுச்சேரி வரைக்கும். லாட்ஜில் தங்குவதில்லை. இரண்டு டென்ட் இருக்கிறது. எங்காவது அடித்துப் படுப்போம். சைக்கிள் மிதிப்பது பெரிய கஷ்டம் இல்லை. படுக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

வெயில் சாய ஆரம்பித்ததும் கண் தேட ஆரம்பித்துவிடும். பீர் பாட்டில் கிடக்கிற இடம் வேண்டாம். தென்னைக்கு அடியில் வேண்டாம். ரோட்டில் போகிறவனுக்குத் தெரிகிற இடம் வேண்டாம். கத்தினால் ரோட்டுக்குக் கேட்காத இடமும் வேண்டாம். ஆம்பளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என் மனைவி பிரேக்கே பிடிக்க மாட்டாள்.

அன்றைக்கு எதுவும் அமையவில்லை. ஒரு சவுக்குத் தோப்பில் கேட்டோம். காவல்காரர் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"டென்ட்டா? போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் வந்து படுத்தான். காலைல பாத்தா மோட்டாரக் காணோம்."

"அண்ணே, சைக்கிள்ல எப்படிண்ணே மோட்டாரத் தூக்கிட்டுப் போறது?" என்றான் மச்சான்.

"அதான் நானும் யோசிக்கிறேன். நீயே சொல்லு."

அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க். பின்னால் காலி இடம் நிறைய இருந்தது. உள்ளே இருந்தவர் என் மனைவியைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். சம்சாரம் என்றேன். "ப்ரூஃப் இருக்குதா?" என்றார். நான் பையில் கை விடுவதற்குள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். நாங்களும் போனோம்.

மரக்காணம் உப்பளத்துக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். பாத்தி பாத்தியாகக் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கிடந்தது. சில பாத்தியில் தண்ணீர் நின்றது. சிலது சேறாக இருந்தது. ஒரு பாத்தி மட்டும் காய்ந்து, தரை சிமென்ட் போட்டது போல வழவழவென்று இருந்தது. கல் இல்லை, முள் இல்லை, புல் இல்லை. மூன்று வருஷமாக டென்ட் அடிக்கிறேன், அப்படி ஒரு தரையை நான் பார்த்ததில்லை. யாரும் பயன்படுத்தாத பாத்தி என்று நினைத்தேன். எனக்கு இரும்பு தெரியும். மண் தெரியாது.

மச்சான் காலால் அடி வைத்து அளந்தான். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் நாலு. என் மனைவி மூலையில் நின்று கையைக் காட்டினாள். நான் முளை அடித்தேன்.

இந்த முளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்ட்டோடு வந்தவை ஈர்க்குச்சி மாதிரி இருந்தன, முதல் காற்றிலேயே வளைந்துபோயின. பட்டறையில் கட்டடக் கம்பியை முழ நீளத்துக்கு வெட்டி, தலையை வைஸில் கவ்வி மடக்கி, நானே செய்துகொண்டேன். ஒரு டென்ட்டுக்கு ஆறு. மணலில் தொலையாமல் இருக்கத் தலையில் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தேன். அந்தத் தரையில் சுத்தியல் சத்தமே வரவில்லை. அப்படியே இறங்கியது.

எங்கள் உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட் இருந்தது. பட்டறையில் கொடுத்தது. லாரிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று போடுவோம்.

முதலில் நாய் வந்தது. பின்னால் வரப்பு மேல் ஓட்டமும் நடையுமாக அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அவருக்கு அறுபது வயது இருக்கும். எங்களை அவர் பார்க்கவில்லை. முளைகளைத்தான் பார்த்தார்.

"யாருப்பா உங்கள அனுப்சது?"

"யாரும் அனுப்பலீங்க."

"அப்ப இன்னாத்துக்கு அளக்கறீங்க?"

"டென்ட் அடிக்கங்க. படுத்துட்டுக் காலைல போயிடுவோம்."

"வீடு இல்லியா?"

"இருக்குது. சென்னைல."

"இருக்குதுல்ல? அத உட்டுட்டு இன்னாத்துக்கு எங்க பாத்தில வந்து படுக்கற?"

ஊரிலும் நிறைய பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

"சும்மா ஊர் பாக்கத்தாங்க," என்றாள் என் மனைவி.

"இங்க இன்னாம்மா இருக்குது பாக்க? உப்பு. உன் வீட்டு ஜாடில இல்லாத உப்பா?" என்றார் அந்தம்மா.

பெரியவர் பக்கத்து நிலத்தைக் காட்டினார். சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தது. உள்ளே புதர். "அது எங்க அண்ணன் குத்தகை. இதே மாதிரிதான் மூணு பேரு வந்தானுங்க. இதே கலர் சட்டை. சிவப்பு பெயின்ட் அடிச்ச குச்சி நட்டானுங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா, சும்மா பெரியவரேன்னானுங்க. அடுத்த வருஷம் வேலி வந்துருச்சு. இன்னி வரிக்கும் யாரு போட்டான்னே தெரியல."

பட்டறையில் வேலை என்று சொல்லி ஆதார் கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவனுங்களும் கார்டு காட்டுனானுங்க," என்றார். பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். பம்பு, பஞ்சர் சாமான், கயிறு, பிஸ்கட். கடைசியாக இஞ்ச் டேப் விழுந்தது. வெல்டர் பையில் டேப் இல்லாமல் இருக்காது. அதை யாரிடம் சொல்வது? அந்தம்மா அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். அது சடாரென்று உள்ளே போனது. நாய் குரைத்தது.

"மொதல்ல அதெல்லாத்தையும் புடுங்கு," என்றார் அந்தம்மா. "நாங்க காலால மிதிச்சு மிதிச்சுப் பதம் பண்ண தரை இது. நாளைக்குக் காலைல தண்ணி கட்டணும். நீ போட்ட ஓட்டைல எல்லாம் எறங்கிப் போயிட்டா, இந்த வருஷம் உப்பு உன் பட்டறைலயா வெளையும்?"

அப்போதுதான் அந்தத் தரை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றினோம்.

நான் பிடுங்கப் பிடுங்க, பெரியவர் துண்டை விரித்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். பின்னாலேயே அந்தம்மா வந்து ஓட்டையைக் குதிகாலால் மிதித்து மூடிக்கொண்டே போனார். இரண்டு திருப்பு, ஒரு அழுத்து. மூடினபின் எங்கே இருந்தது என்றே தெரியாது. வெளிச்சமும் போய்விட்டது.

"மொத்தம் எத்தினி?" என்றார் அவர்.

"பன்னெண்டு."

துண்டில் பதினொன்று இருந்தது. பதினொன்று என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாயில் அது வரவில்லை.

"ஒண்ண உட்டுட்டுப் போறதுக்குத்தான் இவ்ளோ நாடகமா?"

"மாமா, வண்டில விழுந்திருக்கும், பாரு," என்றான் மச்சான். பார்த்தோம். இல்லை. போன் வெளிச்சத்தில் தரையைப் பார்த்தோம். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

"எங்கியும் போவக் கூடாது. வெடிஞ்சதும் அத எடுத்துக் குடுத்துட்டுப் போங்க," என்றார்.

பக்கத்தில் அவர்களுடைய ஓலைக் கொட்டாய் இருந்தது. உப்பு வாரும் பலகைகளும் சாக்குகளும் போட்டு வைக்கிற இடம். எங்களை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு அவர்கள் வாசலில் படுத்தார்கள். படுத்தார்களே தவிர தூங்கவில்லை. நாங்களும் தூங்கவில்லை. அவரே ஒன்றை மடியில் செருகிக்கொண்டு எங்களைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. காலையில் நாலு பேரைக் கூட்டி வந்து சைக்கிளைப் பிடுங்குவார் என்று தோன்றியது. நான் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், நீ எங்கனா எடுத்து வச்சிருக்கியாடா?" என்று என் மனைவி தம்பியிடம் கிசுகிசுத்தாள்.

"என்னியவே சந்தேகப்படறியாக்கா?"

"இங்க யார நம்பறது?"

வாசலிலிருந்து இருமல் சத்தம் வந்தது. பேச்சை நிறுத்தினோம்.

விடிந்தது. பாத்தியின் மேல் பனி ஈரம் இருந்தது. தண்ணீர் கட்ட வேண்டிய நேரம். அவர் மடையைத் திறக்கவில்லை.

"கண்ணால தேடுனா கெடைக்காது. காலால தேடு," என்றார். ஐந்து பேரையும் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். அவர்கள் தரையை மிதிக்கிற முறை அதுதானாம். ஒரு காலுக்குப் பக்கத்தில் மறுகால், விரல்கடை இடம் விடக்கூடாது. பக்கத்து ஆள் கால் விட்ட இடத்தில் நம் கால் இருக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் போய், திரும்பி, பக்கத்து வரிசையில் வர வேண்டும்.

"குதிகால ஊனு. டான்ஸா ஆடற?" என்று அந்தம்மா மச்சானை அதட்டினார். அவன் ஊன்றினான்.

மண் சில்லென்று இருந்தது. வெயில் ஏறியது. பக்கத்துப் பாத்திகளில் ஆட்கள் வந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். "இன்னாண்ணே, புது ஆளா?" என்று ஒருவர் கேட்டார். பெரியவர் அடுத்த அடியை வைத்தார்.

நாலாவது வரிசையில் அந்தம்மா நின்றுவிட்டார். காலைத் தூக்கவில்லை. அங்கேயே நின்று ஒரு தடவை புருஷனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். குனிந்து விரலை விட்டு நோண்டினார். சிவப்புத் தலை தெரிந்தது.

நான் பிடுங்காமல் விட்ட முளை அது. ஓட்டை என்று நினைத்து அந்தம்மா இருட்டில் அதையே மிதித்து உள்ளே இறக்கி, மேலே மண்ணையும் மூடிவிட்டிருக்கிறார்.

"நான்தான் மிதிச்சுட்டேன் போல," என்றார்.

"ராத்திரி பூரா இவங்களக் காவல் காத்தேன்," என்றார் அவர். "உன்னியக் காத்திருக்கணும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். அந்தம்மாவும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தைத் தானே மிதித்து மூடினார். இரண்டு திருப்பு, ஒரு அழுத்து. அப்புறம் அதன் மேல் ஏறி நின்று பார்த்தார்.

சைக்கிளில் மூட்டையைக் கட்டினோம். அவர் மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றார். ஆனால் வெட்டவில்லை. துண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பைய விரி. நான் போடறேன். நீ சத்தமா எண்ணு. அவங்களுக்கும் கேக்கட்டும்," என்று பக்கத்துப் பாத்திக்காரர்களைக் காட்டினார்.

ஒவ்வொன்றாகப் போட்டார். எண்ணினேன். கடைசியில் துண்டை உதறிக் காட்டினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பன்னிரண்டு.